‘உங்க ரேடியோவுல ஏன் அரசியல் பேச மாட்டேங்கிறீங்க?’ – சமுதாய வானொலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சமுதாய வானொலியில் வாரத்தில் மூன்று நாள் மாலை நேர நேயர் நிகழ்ச்சியை நான் தொகுத்து வழங்குகிறேன். சம்பளத்துக்கு இல்லை, தன்னார்வலராகத்தான். டீக்கடை, ரேஷன் கடை வரிசை, கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் இந்தக் கேள்விகளில் ஒன்றைக் கேட்டுவிடுகிறார். நின்ற இடத்தில் முழுசாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன்.

சமுதாய வானொலின்னா என்ன? சூரியன், ஹலோ மாதிரி அதுவும் ஒரு எஃப்.எம்.மா?

அதே ரேடியோவில், அதே எஃப்.எம். பட்டையில்தான் கேட்கும். ஆனால் சூரியனும் ஹலோவும் நிறுவனங்கள். ஏலத்தில் பணம் கட்டி அலைவரிசை எடுத்து, விளம்பர வருமானத்தில் நடப்பவை. சமுதாய வானொலியைத் தொண்டு நிறுவனமோ கல்லூரியோ வேளாண் அறிவியல் நிலையமோ லாபநோக்கில்லாமல் நடத்துகிறது. ஒலிபரப்புச் சக்தி பொதுவாக 100 வாட், கோபுர உயரம் அதிகபட்சம் 30 மீட்டர். அதனால் சுற்றுவட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரைதான் தெளிவாகக் கேட்கும். எங்கள் ஊர் பைபாஸ் பாலத்தைத் தாண்டினால் இரைச்சல் ஆரம்பித்துவிடும்.

அந்தச் சின்ன வட்டம்தான் இதன் பலம் என்பேன். நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி உள்ளூர் மக்கள் பங்கெடுத்துத் தயாரித்ததாக இருக்க வேண்டும் என்பது அரசு விதி. சென்னையில் உட்கார்ந்து பேசும் தொகுப்பாளருக்கு எங்கள் கீழத்தெருக் குழாயைப் பற்றித் தெரியாது, எனக்குத் தெரியும்.

இதெல்லாம் எப்போலருந்து இருக்கு?

1993இல் ஹீரோ கோப்பை கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்று ஒரு வழக்கு வந்தது. அதில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ‘அலைவரிசைகள் பொதுச்சொத்து’ என்று தீர்ப்புச் சொன்னது. எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பம். 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. நாட்டின் முதல் சமுதாய வானொலி நம்முடையதுதான்: சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் 2004 பிப்ரவரி 1 அன்று ஒலிக்கத் தொடங்கிய அண்ணா எஃப்.எம். 90.4. தொண்டு நிறுவனங்களுக்கு 2006இல் கதவு திறந்தது. அதன்படி முதலில் வந்தது 2008இல் பஸ்தாபூருக்குப் பக்கத்தில், தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ. அந்த ஊர் இன்றைய தெலங்கானாவில் இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் எனக்குப் பெருமையான ஒரு விஷயம் இருக்கிறது. 1924இல் சென்னையில் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது அரசாங்கம் இல்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கியது. பணம் இல்லாமல் அது நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி எடுத்து நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938இல்தான். அதாவது வானொலி நம் ஊரில் பிறந்ததே உள்ளூர்க்காரர்கள் கையில்.

எங்க கட்சி சார்பா ஒண்ணு ஆரம்பிக்க முடியுமா?

முடியாது. அரசியல் கட்சிகளுக்கும் அவற்றின் மாணவர் அணி, மகளிர் அணி, தொழிற்சங்கம் போன்ற துணை அமைப்புகளுக்கும் அனுமதி கிடையாது. தனிநபர்களுக்கும் கிடையாது. தொண்டு நிறுவனமாக இருந்தால் பதிவு செய்து குறைந்தது மூன்று ஆண்டு சேவை செய்திருக்க வேண்டும். இந்த விதி சரி என்றே நினைக்கிறேன்.

சரி, கட்சிக்காரங்க நடத்தக் கூடாது. நீங்க ஏன் அரசியல் பேச மாட்டேங்கிறீங்க? பயமா?

பயம் இல்லை, அனுமதி இல்லை. செய்தியும் நடப்பு அரசியல் விவகாரமும் சமுதாய வானொலியில் வரக் கூடாது என்பது உரிமத்தின் நிபந்தனை. தனியார் எஃப்.எம்.களுக்கும் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி கிடையாது. இந்தியாவில் வானொலிக்கென்று செய்தி தயாரிப்பது அகில இந்திய வானொலி மட்டும்தான். அவர்கள் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். சமுதாய வானொலி அதை உள்ளூர்ப் பேச்சுக்கு மாற்றியும் வாசிக்கலாம். ஆனால் நம் வாயிலிருந்து ஒரு வரிகூடச் சேர்க்க முடியாது.

ஒவ்வொரு நிலையமும் என்ன செய்தி சொல்கிறது என்று கண்காணிக்க வழியில்லை, அதனால் பாதுகாப்புச் சிக்கல் வரலாம் என்பதுதான் இதற்கு அரசு நீதிமன்றத்தில் சொன்ன காரணம். எனக்கு இது ஏற்கவில்லை. ஒலிபரப்பிய ஒவ்வொரு நிகழ்ச்சியின் பதிவையும் நாங்கள் மூன்று மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அதே விதிகள்தான் சொல்கின்றன. கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். முகவரி தெரிந்த, உரிமம் வாங்கிய, கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு நிலையத்தைவிடக் கண்காணிக்க எளிதானது வேறு எது?

யூடியூப்ல ஒரு பையன் செல்போனை வச்சுக்கிட்டு ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாரையும் கிழிக்கிறான். அவனுக்கு ஒரு சட்டம், உங்களுக்கு ஒரு சட்டமா?

ஆமாம், அப்படித்தான் இருக்கிறது. வானொலி அலைவரிசை அரசு ஒதுக்கித் தருவது. அதோடு நிபந்தனையும் வருகிறது. இணையத்துக்கு வேறு விதிகள். செய்தித் தொலைக்காட்சிக்கு வேறு விதிகள், அங்கே இரவு ஒன்பது மணி விவாதத்தில் பேசப்படாத அரசியல் இல்லை. நான் மைக் முன்னால் சொல்லக் கூடாததை, ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து என் போனில் பேசிப் போட்டால் தடையில்லை.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றுதான். எங்களைக் கேட்பவர்களில் பலர் டேட்டா போட்டு வீடியோ பார்க்கிறவர்கள் இல்லை. தறி ஓட்டுகிறவர்கள், வயலில் ரேடியோவைக் கட்டித் தொங்கவிட்டுக் களை எடுக்கிறவர்கள், கண் பார்வை குறைந்த பெரியவர்கள். அவர்களுக்கு மட்டும் உள்ளூர் அரசியல் பேச்சு கிடையாது என்று ஆகிவிட்டது.

ராமேஸ்வரம் பக்கம் போனா இலங்கை ஸ்டேஷன் கேக்குது. அதுல செய்தியெல்லாம் வருதே?

இலங்கையில் தனியார் வானொலிகள் சொந்தச் செய்தி தருகின்றன. சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். இரண்டிலும் தமிழ்ச் செய்தி உண்டு. (அந்தச் சூரியன் வேறு, நம் ஊர்ச் சூரியன் வேறு.) நேபாளத்தில் 1997இல் தொடங்கிய ரேடியோ சாகர்மாதாவுக்குப் பிறகு சமுதாய வானொலிகளே செய்தி அறையோடு நடக்கின்றன. சுற்றிலும் அண்டை நாடுகளில் நடப்பதுதான் இங்கே நடக்கவில்லை.

எங்க தெருவுல அஞ்சு நாளா தண்ணி வரலை. அதைப் பேசலாமா? இல்ல அதுவும் அரசியலா?

தாராளமாகப் பேசலாம். என்னைக் கேட்டால் இந்த வானொலி இருப்பதே அதற்குத்தான். குடிநீர், மின்சாரம், நோய் எச்சரிக்கை, புயல் மழை பற்றிய உள்ளாட்சி அறிவிப்புகள், வேலைவாய்ப்பு, தேர்வு முடிவு, திருவிழா இவையெல்லாம் ‘செய்தி’க் கணக்கில் வராது என்று விதியிலேயே இருக்கிறது. சமூக நலமும் ஊர் வளர்ச்சியும் பேச வேண்டும் என்றும் இருக்கிறது. கட்சி பேசத்தான் தடை, குழாய் பேசத் தடை இல்லை.

நாங்கள் எப்படிச் செய்கிறோம் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். போன கோடையில் ஒரு அம்மா போன் செய்தார்: “ஏம்மா, அஞ்சு நாளா குழாயத் திறந்தா காத்துதான் வருது.” நான் அவரிடம் கேட்டதெல்லாம் இவ்வளவுதான்: எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, கடைசியாக எந்தக் கிழமை வந்தது, தொட்டி ஆபரேட்டரிடம் கேட்டீர்களா, மனு கொடுத்தீர்களா, ரசீது இருக்கிறதா. அப்புறம் ஊராட்சிச் செயலரைக் கூப்பிட்டோம். மோட்டார் எரிந்துவிட்டது, காயில் கட்டக் கொடுத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றார். அதை அவர் குரலிலேயே அன்று மாலை ஒலிபரப்பினோம்.

சனிக்கிழமை மாலை நிகழ்ச்சியில் அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் பேசவில்லை, போனைக் குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தார். காலிக் குடத்தில் தண்ணீர் விழுகிற கணீர் சத்தம், குடம் நிறைய நிறைய அடங்கி வருவது அப்படியே ஹெட்ஃபோனில் கேட்டது. முழு நிமிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நிகழ்ச்சியில் எந்தக் கட்சியின் பெயரும் வரவில்லை. ஆனால் யார் பொறுப்பு, என்ன தேதி சொன்னார், செய்தாரா என்பது பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போ பஞ்சாயத்துத் தலைவரைப் பேர் சொல்லிக் குறை சொல்லலாமா?

கிராம ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் தமிழ்நாட்டில் கட்சிச் சின்னத்தில் நிற்பதில்லை. ஒன்றிய கவுன்சிலரும் மாவட்ட கவுன்சிலரும்தான் கட்சி சார்பில் நிற்கிறார்கள். பலர் இதைக் கவனிப்பதில்லை. எனவே ஊராட்சித் தலைவரின் வேலையைப் பற்றிக் கேட்பது கட்சி அரசியல் ஆகிவிடாது.

ஆனால் வேலையைப் பற்றிக் கேட்பது வேறு, ஆளைத் திட்டுவது வேறு. “தெருவிளக்குக்கு மூன்று மாதம் முன்பு மனு கொடுத்தோம், இன்னும் எரியவில்லை” என்றால் ஒலிபரப்புவேன். “அவர் காசு அடிச்சிட்டார்” என்றால், கையில் ஆதாரம் இல்லாமல் ஒலிபரப்ப மாட்டேன். அது அவதூறு வழக்கில் முடியும், அதைவிட முக்கியமாக அது நியாயமும் இல்லை. இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறோம்: ஒருவர் மேல் குறை வந்தால் அதே நிகழ்ச்சியில் அவர் பதிலும் வர வேண்டும். அவர் பேச மறுத்தால், மறுத்தார் என்பதைச் சொல்லிவிடுவோம்.

எம்.எல்.ஏ.வைக் கூப்பிட்டுப் பேட்டி எடுத்தீங்களே. அது மட்டும் அரசியல் இல்லையா?

நியாயமான கேள்வி. இதில் கோடு மெல்லியது. அவரைத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் என்றுதான் அறிமுகம் செய்தோம், கட்சி சொல்லவில்லை. கேள்விகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு மருத்துவர் இல்லாதது பற்றியும் பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் பற்றியும். தலைவர் புகழ் பாடிய இரண்டு இடங்களை வெட்டிவிட்டோம், வெட்டுவோம் என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தோம். அவருக்கு எதிராகத் தோற்றவர் நாளைக்கு வந்து ஊர்ப் பிரச்சினையைப் பேச விரும்பினாலும் இதே விதிதான்.

நேரலைல யாராவது கட்சிப் பேரைச் சொல்லித் திட்டிட்டா?

பெரும்பாலும் அழைப்புகளை முதலில் பதிவு செய்து, கேட்டுப் பார்த்து, பிறகே போடுகிறோம். நேரலையாக எடுக்கும் நாளில் என் இடது கை, போன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரின் மேலேயே இருக்கும். பேச்சு கட்சிப் பக்கம் திரும்புகிற வாசனை வந்தால் ஃபேடரை இறக்கிவிட்டு, “ஐயா, உங்கள் தெருப் பிரச்சினைக்கு வருவோம்” என்று நான் பேச ஆரம்பித்துவிடுவேன். அவருக்குக் கோபம் வரும். நிகழ்ச்சி முடிந்ததும் நானே அவரைக் கூப்பிட்டு ஏன் நிறுத்தினேன் என்று சொல்லிவிடுவது வழக்கம்.

இந்த விதி நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. அகில இந்திய வானொலியின் நெறிமுறையில் ‘ஒரு கட்சியைப் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது’, ‘மத்திய மாநில அரசுகளைப் பகைமையோடு விமர்சிக்கக் கூடாது’ என்று இருக்கிறது. எங்களுக்கும் அதே நெறிமுறைதான். இரண்டாவது வாக்கியம் எனக்கு எப்போதும் உறுத்தும். ரேஷன் அரிசி நாறுகிறது என்று சொல்வது பகைமையா, அக்கறையா? அக்கறை என்று எடுத்துக்கொண்டுதான் ஒலிபரப்புகிறேன்.

எலெக்‌ஷன் வந்தா நீங்க ரேடியோவை மூடிட்டுப் போயிடுவீங்களா?

இல்லை, அப்போதுதான் வேலை அதிகம். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, உதவிக்கு 1950 என்ற எண், நோட்டா என்றால் என்ன, வாக்கு எங்கே விழுந்தது என்று காட்டும் சீட்டு எந்தப் பெட்டியில் தெரியும், இதையெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்வோம். யாருக்கு ஓட்டு என்பதை மட்டும் தொட மாட்டோம். மேலே சொன்ன எம்.எல்.ஏ. பேட்டி போன்றவற்றை நடத்தை விதி அமலுக்கு வந்ததும் நிறுத்திவிடுவோம், மறுஒலிபரப்பும் கிடையாது.

ஆனா எஃப்.எம்.ல கட்சி விளம்பரம் மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வருதே!

அது காசு கொடுத்துப் போடும் விளம்பரம். தேர்தல் ஆணையத்தின் குழுவிடம் முன்சான்று வாங்கினால் தனியார் வானொலியில் வரலாம். அகில இந்திய வானொலியிலோ, அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத் தேர்தல் நேரத்தில் இலவச நேரமே தருகிறார்கள். ஆக, கட்சி மக்களிடம் வானொலியில் பேச வழி இருக்கிறது. மக்கள் கட்சியைப் பற்றி வானொலியில் பேசத்தான் வழி இல்லை. இது தலைகீழ் என்பது என் உறுதியான கருத்து.

கிராம சபைல நடக்கிற சண்டையை அப்படியே போடலாமா?

சண்டையை வேண்டாம், கேள்விகளைப் போடலாம். வருடத்தில் ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த வாரம் முழுக்க ‘என்ன கேட்கப் போகிறீர்கள்’ என்று நேயர்களிடம் கேட்போம். பெண்கள் நிறையப் பேர் “எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேச வராது” என்பார்கள். அவர்கள் கேள்வியை ரேடியோவில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டால், சபையில் எழுந்து நிற்கிறார்கள். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் மரத்தடியிலேயே ரெக்கார்டரை நீட்டுவோம். என்ன கேட்டீர்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்களா, படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போட்டீர்களா? அடுத்த சபைக்கு முன்னால் அதே பதிவைத் திரும்பப் போடுவோம். நகரத்தில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்றுதான் முதன்முதலாகக் கூடியது. அங்கேயும் இதே மாதிரி செய்யலாம்.

கவர்ன்மென்ட் விளம்பரம் வாங்கிக்கிட்டு கவர்ன்மென்ட்டை எப்படிக் கேள்வி கேப்பீங்க?

இருக்கிற கேள்விகளில் கஷ்டமானது இது. மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அதற்கு முன் 7 நிமிடம்தான். பத்து விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த அரசு விளம்பரக் கட்டணத்தையும் 74 ஆக்கினார்கள். இரண்டையும் 2024 பிப்ரவரியில், சமுதாய வானொலியின் இருபதாம் ஆண்டுக்காகச் சென்னையில் கூடிய மாநாட்டில் அறிவித்தார்கள். ஆனால் சின்ன ஊர் மளிகைக் கடையும் ஜவுளிக் கடையும் எவ்வளவு தர முடியும்? கரண்ட் பில் கட்டும் மாதத்தில் அரசு விளம்பரம்தான் கைகொடுக்கிறது.

அதனால் நாக்கு கட்டிப்போகிற ஆபத்து நிஜம். அதை மறைக்க விரும்பவில்லை. எந்தக் குறையைப் போடுவது என்பதை விளம்பரம் வாங்கும் ஆள் முடிவு செய்வதில்லை, தனிக்குழு முடிவு செய்கிறது என்று நாங்கள் பிரித்து வைத்திருக்கிறோம். நேயர்கள் மாதம் ஐம்பதோ நூறோ தந்தால் இந்தக் கட்டு இன்னும் தளரும்.

எல்லாம் போன்லயே வருது. ரேடியோ யாரு கேக்கறா?

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவில் பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. இரண்டு பேட்டரி போட்ட ரேடியோவுக்கு அந்தக் கவலை இல்லை. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் ‘கடல் ஓசை’ 90.4ஐ மீனவர்கள் காற்று, அலை நிலவரத்துக்காகக் கேட்கிறார்கள். யார் கேட்கிறார்கள் என்பதற்கு மற்றதை மேலே யூடியூப் கேள்வியில் சொல்லிவிட்டேன்.

இந்தச் சட்டம் என்னைக்காவது மாறுமா?

மாற வேண்டும் என்று பேச்சு இருக்கிறது. செய்தித் தடையை எதிர்த்து ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றம் போனது. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தனியார் எஃப்.எம்.களுக்கு மணிக்குப் பத்து நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை நடைமுறைக்கு வந்தால், அடுத்து எங்களுக்கும் வேண்டும் என்று கேட்போம். எனக்குப் பத்து நிமிடம்கூட வேண்டாம். ஒன்றிய அலுவலகத்தில் இன்று என்ன நடந்தது என்று சொல்ல ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும்.

நான் பேசணும்னா என்ன செய்யணும்?

உங்கள் பகுதியில் எந்த நிலையம் கேட்கிறது என்று 90.4, 90.8 பக்கம் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நிலையத்துக்கு நேரில் போனாலே போதும், யாரும் விரட்ட மாட்டார்கள். பேசுவதற்கு முன் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல்வரின் உதவி எண் 1100இல் புகார் செய்திருந்தால் அந்தப் புகார் எண், திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுத்திருந்தால் அதன் ரசீது, பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தால் 30 நாளில் வந்த பதில். எது இருந்தாலும் கையில் எடுத்து வாருங்கள்.

குரல் நன்றாக இல்லையே, சுத்தத் தமிழ் வராதே என்று தயங்க வேண்டாம். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படியே பேசுங்கள். எங்கள் ஸ்டூடியோவில் இரண்டு மைக் இருக்கிறது, ஒன்று எனக்கு. இன்னொன்றின் முன்னால் இருக்கும் நாற்காலி செவ்வாய், வியாழன், சனி மாலை ஆறு மணிக்கு உங்களுக்காகத்தான் காலியாக இருக்கிறது.